சௌந்தரபாண்டியன் சார் இன்னும் வெளியே வரவில்லை

மொட்டைப்பனை என்ற ஊர் நொச்சியாற்றின் தென்கரையில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது சரியான பேச்சு இல்லை. அவர்கள் நிறைய யோசிப்பவர்கள். யோசித்து முடிக்கும்வரை ஒரு காரியத்தைத் தொடமாட்டார்கள். தொட்டபிறகு, அடுத்த ஊரிலிருந்து யாராவது வந்துதான் அவர்களை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஊருக்கு வடக்கே ஆறு வேகம் குறைந்து, பரந்து, கோரையும் சம்பும் நீர்மருதுமாகக் கிடக்கும். அந்தச் சதுப்பு முழுவதையும் அரசாங்கம் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்திருந்தது. மோட்டார் வண்டிச் சத்தத்துக்குப் பறவைகள் கலையும் என்பதால், வருகிறவர்கள் சுற்றிப் பார்க்க வாசலில் சில சைக்கிள்கள் வைத்திருந்தார்கள். வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரியின் பெயர் ஆவுடைத்தங்கம்.

இந்த ஆவுடையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது தளவாயின் ஆசை. தளவாய்க்கு வயது முப்பத்தெட்டு. ஆசையைச் சொல்லத் தினமும் கடைக்குப் போவான். டீ குடிப்பான். சொல்லாமல் திரும்புவான். இப்படிச் சில வருசம் ஓடியது. ஒரு நாள் டீ கொதிக்கத் தாமதமானதால் வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டான்.

ஆவுடை கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நீரு நல்ல மனுசன்தான், இல்லேங்கல. ஆனா உம்ம கையில குடுத்தது எது ஒழுங்கா திரும்பி வந்திருக்கு? எங்க அப்பா ஆட்டுக்குட்டியைப் பாத்துக்கிட்டே இருக்கச் சொன்னாரு."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"நரி தூக்கிட்டுப் போகும்போதுமா?"

"கண்ணுக்குத் தெரியுற மட்டும் பாத்தேன், ஆவுடை. கண்ணை எடுக்கவே இல்ல."

ஆவுடை கிளாசைக் கவிழ்த்து வைத்தாள். "ஒண்ணு சொல்லுதேன், கேளும். உம்மை நம்பி எவராவது ஒரு மனுசனை ஒப்படைக்கணும். அந்த மனுசன் முழுசா என் கடைக்குத் திரும்பி வந்து சேரணும். வந்துட்டாருன்னா ஆவணியில கல்யாணம்."

"கோழி ஏதாச்சும் ஒப்படைச்சா ஆகாதா?"

"மனுசன்."

தளவாய் இதைத் தன் கூட்டாளிகள் இரண்டு பேரிடமும் சொன்னான். ஒருவன் வெயிலுகந்தான். மெலிந்த உடம்பு; எதையும் அடிவரை யோசிப்பவன். இன்னொருவன் மூக்காண்டி. அவன் யோசிக்கமாட்டான். வெயிலுகந்தான் யோசித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, முடிந்ததும் ஓடுவான். இரண்டு பேருமே தங்களை ஒப்படைத்துக்கொள்ளத் தயார் என்றார்கள். ஆனால் அவர்களை ஒப்படைக்கிற அளவுக்கு அவர்களை யாரும் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

இந்த நிலையில்தான் சரணாலயத்து வழிகாட்டிக்குக் காய்ச்சல் வந்தது.

அன்று பார்த்து மதுரையிலிருந்து சௌந்தரபாண்டியன் என்று ஒருவர் வந்திருந்தார். மதுரையில் மருந்துக் கடை வைத்திருப்பவர். பறவை பார்ப்பதில் பிரியம். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. மாலை ஆறு நாற்பதுக்கு அவருக்குத் திரும்பிப் போக ரயில். வனச்சரகர் லூர்துமேரி அம்மாவுக்கு வேறு இடத்தில் அவசர வேலை. டீக்கடைப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தார். ரேஞ்சரம்மா அந்தப் பக்கத்துக்குப் புதிது.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்போ சாரைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டிட்டு, சாயங்காலம் பத்திரமா இந்தக் கடையில கொண்டுவந்து விடணும். சொல்றதைக் கேட்டுக்குங்க. உள்ள சத்தம் போடக் கூடாது. ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் போகணும். வெளிய இருந்து கொண்டுபோறது எதையும் உள்ள விட்டுட்டு வரக் கூடாது. உள்ள இருக்கிறது எதையும் வெளிய கொண்டுவரக் கூடாது, ஒரு இறகுகூட. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று மூன்று பேரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. அவர்களுக்குப் புரிந்த அளவுக்கு அந்த விதிகள் அதுவரை யாருக்கும் புரிந்ததில்லை.

பாய்லருக்குப் பின்னால் ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். தளவாய் சௌந்தரபாண்டியன் சாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். முழுசாகத்தான் இருந்தார்.

முதல் வேலையாக மூக்காண்டி சைக்கிள் மணிகளைக் கழற்றி, துண்டில் முடிந்து, இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அதை ஏன் கழட்டுறீங்க?" என்று சார் கேட்டார்.

"சத்தம் வரும்லா சார்."

"அடிச்சாத்தானே வரும்?"

"அடிக்காம இருக்க முடியாது சார். முன்னால ஆள் வந்தா அடிச்சுத்தான ஆகணும்?"

"இப்போ ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க?"

மூக்காண்டி அவர் காதருகே குனிந்து, மெதுவாக, "டிரிங் டிரிங்" என்று சொல்லிக் காட்டினான். அந்தச் சுற்றுலாவில் அவன் இதை உண்மையாகவே கடைப்பிடித்தான். வழியில் ஓர் ஆள் புல்கட்டோடு எதிரே வந்தபோது, மூக்காண்டி சைக்கிளிலிருந்து இறங்கி, ஸ்டாண்டு போட்டு, ஓடிப்போய் அந்த ஆளின் காதில் டிரிங் டிரிங் சொல்லிவிட்டு, திரும்ப ஓடிவந்து ஏறினான். அந்த ஆள் ஏற்கனவே ஒதுங்கித்தான் நின்றிருந்தார். காதில் கேட்டதும் இன்னும் சற்று ஒதுங்கினார்.

ஆனால் அது பிறகு நடந்தது. முதலில் புறப்பட வேண்டுமே.

வாசலுக்கு உள்பக்கம் ஒரு வேப்பமரம். அங்கே நான்கு பேரும் சைக்கிளில் ஏறினார்கள். தளவாய் முன்னால் மிதித்தான். சார் அவன் பின்னால். சாருக்குப் பின்னால் வெயிலுகந்தான். கடைசியில் மூக்காண்டி. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, வெயிலுகந்தான் பிரேக் பிடித்தான்.

"அண்ணே, நீங்க யாருக்குப் பின்னால போறீங்க?" என்றான், தாழ்ந்த குரலில்.

தளவாய் திரும்பிப் பார்த்தான். முன்னாலும் பார்த்தான். "யாருக்கும் பின்னால இல்ல."

"ஒருத்தர் பின்னால ஒருத்தராப் போகணும்னுல்லா சொன்னாங்க. நான் சார் பின்னால, மூக்காண்டி என் பின்னால. நீங்க மட்டும் தனியா முன்னால போறீங்களே."

தளவாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. முதல் விதியிலேயே தவறிவிட்டோமே என்று இருந்தது. "அப்போ நான் மூக்காண்டி பின்னால வந்துருதேன்" என்று கடைசிக்குப் போனான். இப்போது சார் முன்னால் ஆனார். சார் யாருக்குப் பின்னால் போகிறார் என்ற கேள்வி வந்தது.

"நான் முன்னால போறேன்பா, ஒண்ணும் ஆகாது" என்றார் சார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். விதிக்கு ஆகும்லா."

வெயிலுகந்தான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். வேப்பமரத்தைச் சுற்றி ஓட்டினார்கள். தளவாய் பின்னால் சார், சார் பின்னால் வெயிலுகந்தான், வெயிலுகந்தான் பின்னால் மூக்காண்டி, மூக்காண்டி பின்னால் தளவாய். ஒருவர்கூடத் தப்பாமல் எல்லாரும் எல்லாருக்கும் பின்னால் போனார்கள். குறை சொல்ல முடியாதபடி நன்றாகத்தான் இருந்தது. மரத்தில் இருந்த ஒரு மைனாவை மட்டும் பார்க்க முடிந்தது. அதைச் சார் எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டார்.

"இப்படியே எவ்வளவு நேரம்?" என்று சார் கேட்டபோது அவருக்குத் தலைசுற்ற ஆரம்பித்திருந்தது.

அந்த நேரத்தில் யாருடையதோ ஓர் எருமை அசைந்து அசைந்து பாதையில் போயிற்று. வெயிலுகந்தான் அதைச் சுட்டிக்காட்டினான்.

"அண்ணே, நீங்க அதுக்குப் பின்னால போங்க."

"எருமை யாருக்குப் பின்னால போகும்?"

"விதி நமக்குத்தான் சொன்னாங்க. எருமைகிட்ட என்ன சொல்லியிருக்காங்களோ, நமக்கு எதுக்கு அது."

இப்படியாக நான்கு சைக்கிள்களும் ஓர் எருமைக்குப் பின்னால் சரணாலயத்துக்குள் புறப்பட்டன. எருமை நடக்கிற வேகத்தில் சைக்கிள் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. சார் இரண்டு தடவை சாய்ந்தார். மூக்காண்டி ஓடிவந்து பிடித்துக்கொண்டான். நடுவில் எருமை ஒரு தடவை கத்தியது. மூக்காண்டி அதன் காதிலும் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். அதன்பிறகு அது கத்தவே இல்லை. இதைச் சாரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எருமை பாதையில் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு வெயில் உறைத்ததோ என்னவோ, இடதுபக்கம் இறங்கி, கோரைக்குள் நுழைந்து, சேற்றில் படுத்துக்கொண்டது.

நான்கு பேரும் அதற்குப் பின்னால், கணுக்காலளவு சேற்றில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்போ எழுந்திரிக்கும்?" என்று சார் கிசுகிசுத்தார்.

"அது மனசு சார்."

ஆனால் அந்த எருமைக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். வழிகாட்டிகள் யாரும் ஆட்களைக் கூட்டிப் போகாத இடம் அது. எதிரே நீர்மருதுக் கிளைகளில் நத்தைகுத்தி நாரைகள் கூடு வைத்திருந்தன. பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. தாமரை இலைமேல் இலைக்கோழி ஒன்று, ஈரத்தரையில் நடக்கிற மாதிரி விரல் பார்த்து விரல் பார்த்து நடந்தது. நான்கு பேரும் எருமையும் அசையாமல் நின்றதால் பறவைகள் இவர்களையும் சதுப்பில் முளைத்தது என்று நினைத்துக்கொண்டன. அரிவாள்மூக்கன் ஒன்று சாரின் சைக்கிள் ஹேண்டில்பாரில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. சார் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கொசு கடிப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"சந்தோசமா இருக்காரு" என்று மூக்காண்டி தளவாயின் காதில் சொன்னான்.

"முழுசா இருக்காரான்னு பாரு" என்றான் தளவாய்.

எருமை எழுந்தபோது மணி நான்கரை தாண்டிவிட்டது. அது நேராக வீட்டுக்குப் போகிற வழியில் நடந்ததால் இவர்களும் திரும்பினார்கள். கருவை மரங்களைத் தாண்டும்போது சாருடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் முள் ஏறி, காற்று புஸ்ஸென்று போயிற்று.

சார் இறங்கினார். "பஞ்சர். பம்பு வச்சிருக்கீங்களா?"

பம்பு இருந்தது. ஆனால் யாரும் அதை எடுக்கவில்லை. வெயிலுகந்தான் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, துக்கவீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டயர்ல இருந்தது வெளிக்காத்து" என்றான். "காலையில ஊர்ல அடிச்சது."

தளவாய் தலையில் கை வைத்துக்கொண்டான். "உள்ள விட்டுட்டோம்."

"விட்டுட்டோம் அண்ணே."

"காத்துதானப்பா" என்றார் சார்.

"இறகுகூட கூடாதுன்னு சொன்னாங்க சார். இறகைவிடக் காத்து என்ன லேசா?"

உண்மையில் காற்று லேசுதான். ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மூக்காண்டி தன் தூக்குச்சட்டியைத் திறந்து முள் குத்திய இடத்தில் பிடித்தான். மிச்சம் வந்ததை மூடி வைத்துக்கொண்டான்.

போன காற்றை என்ன செய்வது என்று வெயிலுகந்தான் வெகுநேரம் யோசித்தான். கடைசியில் விரலை எச்சில் தொட்டு மேலே தூக்கிப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது. "அண்ணே, காத்து தெக்குப் பக்கமாத்தான் வீசுது. நம்ம ஊருக்குத்தான் போகுது. நமக்கு முன்னால வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துரும்."

தளவாய்க்கு உயிர் வந்தது.

"அப்போ இப்போ பம்பு அடிக்கலாமா?" என்றார் சார்.

"இங்க உள்ள காத்தை டயர்ல அடைச்சு வெளிய கொண்டுபோகவா சார்?" வெயிலுகந்தான் வருத்தமாகக் கேட்டான். "வேணும்னா பம்புக்குள்ள ஊர்ல இருந்து வந்த காத்து ஒரு அடிக்கு இருக்கும். அதை மட்டும் அடிச்சுத் தாரேன்."

ஒரே ஒரு அடி அடித்தான். சக்கரம் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூக்காண்டி அந்தச் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டான். அவனுடையதை வெயிலுகந்தான் தன்னுடையதோடு சேர்த்துத் தள்ளினான். சார் தளவாயின் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

வாசலுக்கு வரும்போது மணி ஐந்தேமுக்கால். எல்லையில் சேறெல்லாம் கழுவிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று தளவாய் சொன்னான். கழுவினார்கள். கழுவிய தண்ணீர் காயும்வரை நின்றார்கள். சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையைச் சொறிந்தார். பிறகு கழுத்தைச் சொறிந்தார்.

"ஏன் சார் சொறிதீங்க?" என்றான் மூக்காண்டி.

"கொசுப்பா. எருமைகிட்ட நின்னோம்ல, அப்போ பிடுங்கித் தள்ளிருச்சு."

வெயிலுகந்தான் மெதுவாகத் திரும்பினான். "கடிச்சு?"

"கடிச்சு ரத்தத்தைக் குடிச்சுது. வேற என்ன செய்யும்?"

"குடிச்சிட்டு?"

"பறந்து போயிருச்சு."

"எங்க சார்?"

சார் சதுப்பு முழுவதுக்கும் பொதுவாகக் கையை நீட்டினார்.

மூன்று பேரும் சைக்கிள்களை ஓரமாகச் சாய்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இது நின்றுகொண்டு பேசுகிற விஷயம் இல்லை.

"ரத்தம் மதுரையில ஊறினது" என்று தளவாய் ஆரம்பித்தான். "வெளிய இருந்து கொண்டுவந்தது. அதை உள்ள விட்டுட்டுப் போகக் கூடாது."

"அப்போ கொசுவைப் பிடிச்சுக் கொண்டுபோயிருவோம்" என்றான் மூக்காண்டி.

"கொசு உள்ள உள்ளதுலே. அதை வெளிய கொண்டுபோகக் கூடாதுல்லா?"

"கொசுவை விட்டுட்டு ரத்தத்தை மட்டும் வாங்கிட்டுப் போவோம்."

"அதுக்குக் கொசு சம்மதிக்கணும்."

அந்தச் சமயம் சாரின் நெற்றியில் ஒரு கொசு உட்கார்ந்தது. சார் பட்டென்று அடித்தார். உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பொட்டும், அதன் நடுவே கொசுவும் இருந்தன. நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"ரத்தம் திரும்பிட்டு" என்றான் மூக்காண்டி.

"கொசுவும் சேந்து வந்திருக்கே" என்றான் வெயிலுகந்தான். "சார், இது அங்க கடிச்ச கொசுதானா? முகம் ஞாபகம் இருக்கா?"

சார் கையைத் துடைக்கப் போனார். துடைக்கவிடாமல் தளவாய் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, ஆறு நாற்பதுக்கு ரயில். ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?"

"பக்கந்தான் சார். அதுக்கென்ன. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அந்தக் கொசுங்க திரும்பி வராமலா போயிரும்? உங்களுக்கு இங்கயே பாய் போட்டுத் தாரேன்" என்றான் மூக்காண்டி அன்போடு.

தளவாய் திரும்பிப் பார்த்தான். அப்பால் டீக்கடையில் ஆவுடை அடுப்பைப் பார்த்துக் குனிந்திருந்தது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் கூப்பிட்டால் சத்தம்.

"சாரை இப்படியே கொண்டுபோய் நிறுத்தி, முழுசா இருக்காருன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்றான். "கட்டிக்கிடப் போற பொண்ணுகிட்ட, முதல் பேச்சே பொய்யாவா பேசுறது?"

வெயிலுகந்தானுக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து, இங்கும் அங்கும் நடந்தான். எல்லையில் இருந்த போர்டின் முன்னால் நின்றான். இரண்டு இரும்புக் கால் வைத்த போர்டு. 'பறவைகள் சரணாலயம் இத்துடன் முடிகிறது. நன்றி' என்று எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை படித்தான்.

"அண்ணே, வெளிய போனாத்தான குத்தம்?"

"ஆமா."

"வெளிய போக வேண்டாம். உள்ளயே இருந்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போவோம்."

"எப்படில?"

"போர்டு நிக்கிற இடத்துலதான சரணாலயம் முடியுது? போர்டு இங்கதான் நிக்கணும்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ரேஞ்சரம்மா சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் வரிசையாக நினைத்துப் பார்த்தார்கள். அதில் இது இல்லை. மூக்காண்டி போர்டை ஆட்டிப் பார்த்தான். ஆடியது.

"என்ன வேணும்னாலும் செய்ங்கப்பா, ரயிலை விட்டுராம செய்ங்க" என்றார் சார்.

வெயிலுகந்தானும் மூக்காண்டியும் போர்டைப் பிடுங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தளவாய் மிதித்தான். அவர்கள் போகப் போகச் சரணாலயமும் கூடவே வந்தது. ரோட்டைத் தாண்டியது. டீக்கடையைத் தாண்டியது.

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் மூக்காண்டி விஷயத்தை ஒவ்வொருவர் காதிலும் சொன்னான். எல்லாரும் டீயை உறிஞ்சாமல் குடிக்க ஆரம்பித்தார்கள்.

ஆவுடை வெளியே வந்தாள். சாரைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்னாள். சுற்றிவந்து பார்த்தாள். காது, மூக்கு, கை, கால் எல்லாம் இருந்தன.

"நான் உண்மையைச் சொல்லிருதேன், ஆவுடை" என்றான் தளவாய், தலையைக் குனிந்துகொண்டு. "சார் முழுசா இல்ல. கொஞ்சம் ரத்தம் உள்ள நின்னுபோச்சு."

"அம்மா, நான் முழுசாத்தான் இருக்கேன்" என்றார் சார். "இவரைக் கட்டிக்குங்க. நல்ல மனுசன். என்னை மட்டும் விட்டுருங்க."

"நீங்க சும்மா இருங்க சார். சட்டைக் கையைச் சுருட்டுங்க."

சுருட்டினார். கை முழுக்கத் தடிப்பு தடிப்பாக இருந்தது. ஆவுடை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது போகும்போது இருந்துச்சா?"

"இல்லம்மா."

"கழுத்துல இருக்கே, இது?"

"அதுவும் இல்ல."

ஆவுடையும் மொட்டைப்பனையில் பிறந்தவள்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"குறைஞ்சது கண்ணுக்குத் தெரியல. கூடினது தெரியுது. போனதைவிட அதிகமால்லா திரும்பி வந்திருக்காரு" என்றாள். "ஆட்டுக்குட்டிக்கும் சேர்த்து வச்சுக்கிடுதேன். ஆவணியில வச்சுக்குவோம்."

தளவாய்க்குச் சந்தோசத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டான்.

ஆனால் வெயிலுகந்தான் சாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இந்தத் தடிப்பெல்லாம் உள்ள உண்டானது. இது இருக்கிற வரைக்கும் சாரை வெளிய விடக் கூடாது."

"ரெண்டு நாள்ல அமுங்கிரும்பா" என்றார் சார்.

"அப்போ ரெண்டு நாளைக்கு நீங்க உள்ளதான் சார்" என்றான் தளவாய்.

ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. சார் ஏறினார். எல்லை எப்போதும் சாருக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதால், தளவாய் போர்டோடு எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் ஏறினான். வெயிலுகந்தானும் மூக்காண்டியும் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். ரயில் மதுரையை நோக்கிப் போனது. சரணாலயமும் அதன் வேகத்தில் நீண்டுகொண்டே போனது.

மறுநாள் காலையில் ரேஞ்சரம்மா வந்து பார்த்தபோது வாசலில் இரண்டு குழிகள்தான் இருந்தன.

"போர்டு எங்கே?" என்று டீக்கடையில் கேட்டார்.

"மதுரையிலம்மா" என்று ஆவுடை அவர் காதில் சொன்னாள்.

ரேஞ்சரம்மா ஜீப்பில் ஏறிப் போனார். பிறகு புதிதாக ஒரு போர்டு எழுதிக் கொண்டுவந்து, சிமெண்ட் போட்டு நட்டுவிட்டுப் போனார். வெயிலுகந்தான் அதைச் சுற்றிவந்து பார்த்தான். சரணாலயம் இங்கே ஒரு தடவை முடிந்து, பிறகு மதுரை வரை போய் இன்னொரு தடவை முடிகிறது, அரசாங்கம் கவனமாகத்தான் இருக்கிறது என்று மூக்காண்டியிடம் சொன்னான்.

மதுரையில் சார் வீடு இருக்கும் தெருவின் முனையில் தளவாய் போர்டை நட்டிருந்தான். சார் கடைக்குப் புறப்பட்டால் அதைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடுவான். கோயிலுக்குப் போனால் கோயிலுக்கு அப்பால் நடுவான். சாரின் மனைவி பத்மாவதி அம்மாள் முதல் நாள் இது யார் என்று கேட்டார்.

"எல்லை" என்றார் சார்.

அம்மாள் எல்லைக்கும் சேர்த்துச் சோறு வடித்தார்.

இரண்டு நாளில் தடிப்பு அமுங்கத்தான் செய்தது. ஆனால் மதுரையிலும் கொசு உண்டு. மூன்றாம் நாள் காலையில் சாரின் கையில் தடிப்பு இருந்தது. அது சரணாலயத்துத் தடிப்பா, மதுரைத் தடிப்பா என்று தளவாயால் சொல்ல முடியவில்லை. சாராலும் சொல்ல முடியவில்லை. சந்தேகம் தீரும்வரை இருப்பது நல்லது என்று தளவாய் இருந்துவிட்டான். சந்தேகம் தினமும் ராத்திரி புதிதாகக் கடித்தது.

ஆவணி வந்தது. மாப்பிள்ளை மதுரையை விட்டு வர முடியாது என்று ஆவுடைக்குப் போன் வந்தது. போர்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் சார் ஒரேயடியாக வெளியே நின்றுவிடுவாரே.

"அதுக்கென்ன, நாங்க அங்க வாரோம்" என்றாள் ஆவுடை.

மொட்டைப்பனைக்காரர்கள் மூன்று நாள் முன்னதாகவே புறப்பட்டார்கள். மதுரை வரை சரணாலயம் என்பதால் மோட்டார் வண்டி கூடாது. பெண் வீட்டார், மேளக்காரர்கள், சமையல்காரர் எல்லாரும் சைக்கிளில் வந்தார்கள். ஊர்க்கோடியில் ஓர் எருமையைக் கண்டுபிடித்து, அதன் பின்னால் ஒருவர் பின்னால் ஒருவராக வந்தார்கள்.

சார் வீட்டு வாசலிலேயே பந்தல். பத்மாவதி அம்மாள் கோலம் போட்டார். சார் புது வேட்டி கட்டிக்கொண்டு, பழக்கத்தில் பைனாகுலரையும் மாட்டிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்தார். பந்தல் காலோடு சேர்த்துப் போர்டைக் கட்டியிருந்தார்கள். அத்தனை பேர் கூடியிருந்தும் தெருவில் ஓர் இரைச்சல் இல்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

நாதஸ்வரக்காரர் குழலை வாயில் வைத்து, கன்னத்தை மட்டும் உப்பவைத்து, விரல்களை ஓட்டினார். கேட்டவர்கள் யாரும் இல்லை, பார்த்தவர்கள் தலையாட்டினார்கள்.

முகூர்த்த நேரம் வந்தது. தளவாய் தாலியைக் கையில் எடுத்தான். வெயிலுகந்தான் மேளக்காரர்கள் பக்கம் குனிந்து, வாயை மூடி மூடித் திறந்து, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கிசுகிசுத்தான். தவில்காரர் இரண்டு கையையும் ஓங்கி, தோலுக்கு ஒரு விரற்கடை மேலே, மூச்சு வாங்க, வேர்வை சொட்ட, வேகம் குறையாமல் அடித்தார்.

மூக்காண்டி ஒவ்வொருவராகப் போய்க் காதில் சொன்னான். "டும் டும்."